நீடித்த பாத வலி: காரணங்களும் கவனிப்பும்
(உரை வடிவம்)

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அவ்வட்டத்தின் எல்லைப்புறத்தில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது குன்னத்துகால். இப்பகுதியில் பிழைப்புப் பெரிதும் கால்களையே நம்பியுள்ளது. பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் சரிவுகளில் மரம் மரமாக ஏறி இறங்குகிறார். பாலராமபுரத்து நெசவாளி குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை இயக்குகிறார். இத்தகையோருக்குப் பாத வலி என்பது கூலி இழப்பேயாகும்.

குதிகால் வலிக்கு மிகப் பொதுவான காரணம், குதிகாலிலிருந்து விரல்கள் வரை செல்லும் தசைநார்ப்பட்டை நைந்துபோவதாகும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடிகளில் வலி கடுமையாக இருக்கும். சிறிது நடந்தபின் தணியும். எக்ஸ்ரே படத்தில் தெரியும் எலும்பு முளையே காரணம் எனப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் வலியே இல்லாதவர்களிடமும் அம்முளை காணப்படுவதுண்டு. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நாள்தோறும் நீட்டிப் பயிற்சி செய்தல், மெத்தென்ற குதியுள்ள செருப்பு அணிதல், உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றால் பெரும்பாலோர் அறுவையின்றி ஓராண்டுக்குள் குணமடைகின்றனர்.

எல்லா வலியும் இவ்வகையைச் சார்ந்ததன்று. பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினால் யூரிக் அமில மிகுதியை ஐயுறலாம். நடக்கையில் கெண்டைக்கால் இறுகி, நின்றவுடன் வலி நீங்குமாயின் தமனி அடைப்பு இருக்கக்கூடும். பீடி, சிகரெட் புகைப்போர் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. இரு பாதங்களிலும் இரவில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றுமாயின் நீரிழிவுக்கான சோதனை இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் நாடு முழுவதும் 11.4 விழுக்காட்டினருக்கும், கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது.

நீரிழிவாளருக்கு வலி தானே மறைந்துவிடுவது நலத்தின் அறிகுறியாக இராது. நரம்பு உணர்விழந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலை ஊன்றுவது வழிவழி வந்த கைமருந்து. உணர்வற்ற காலில் அதுவே தீப்புண்ணாகி, புண் ஆறாமல், இறுதியில் காலையே இழக்கச் செய்யும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் என்பதை விளக்கினார். அப்பாதங்களைக் காக்க அங்கு உருவான நுண்துளை ரப்பர் செருப்பு இன்று நீரிழிவாளருக்கும் பயன்படுகிறது.

இதற்கான சோதனை எளியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, உணர்வு உள்ளதா எனச் சில நிமிடங்களில் அறியலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதனைச் செய்ய இயலும். நீரிழிவாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனை நடைபெறுதல் வேண்டும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு தேடிக்கொள்கின்றனர். சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், ஆறாத சிறு புண்ணையும் உடனே மருத்துவரிடம் காட்டுமாறு அவர்களை நெறிப்படுத்துவது ஊர்நலப் பணியாளரின் கடமையாகும். உழைப்பவரின் பாதம் காக்கப்பட்டால் அவர் குடும்பத்தின் வருவாயும் காக்கப்படும்.