பளு தூக்கும் பயிற்சியும் உடலின் இயல்பும்



இன்று தோட்டப்புறத்து இளைஞர் பலர் வேலை முடிந்ததும் பக்கத்துப் பட்டணத்து உடற்பயிற்சி நிலையத்திற்குப் போகிறார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்கள், "ஏன்டா, பகலெல்லாம் குலை தூக்கியது போதாதா? காசு கொடுத்து இரும்பையும் தூக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். "அது வேலைப்பா, இது பயிற்சி" என்று பிள்ளை பதில் சொல்கிறான். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. பளு தூக்கும் பயிற்சிகள் மனித உடலின் இயல்பான அசைவுக்குப் பொருந்துகின்றனவா? எவை பொருந்தும், எவை பொருந்தா? இதையே இன்றைய பேச்சில் ஆராய்வோம். உடம்பை மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் நமக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. முதுகு ஒருமுறை கெட்டுவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பே தடுமாறும்.

முதலில், இயல்பான அசைவு என்றால் என்ன? ஒன்றரை வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். தரையில் கிடக்கும் பந்தை எடுக்க அது முதுகை வளைப்பதில்லை. முழங்காலை மடக்கிக் குந்தி, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. குந்தி எழுதல், இடுப்பை மடக்கிக் குனிதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல், உடலைத் திருப்புதல் ஆகிய இவையே மனிதனின் அடிப்படை அசைவுகள். வீட்டு வேலை, தோட்ட வேலை, விளையாட்டு எல்லாம் இவற்றின் கலவைதான்.

இந்த அசைவுகளுக்கு ஏற்றபடியே நம் மூட்டுகள் அமைந்துள்ளன. இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்தில் வைத்த உருண்டையைப் போன்றது. அது பெரும் பாரத்தைத் தாங்கும். தோள் மூட்டோ சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் போன்றது. எல்லாப் பக்கமும் சுழலும்; ஆனால் எளிதில் நிலை பிசகும். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே 23 வட்டுகள் உள்ளன. அவை பஞ்சணை போல் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பெரும் பாரத்தை இடுப்பும் காலும் ஏற்க வேண்டும். முதுகு உறுதியாக நிற்க வேண்டும். தோள் வழிகாட்ட வேண்டும். ஒரு பயிற்சி நல்லதா என்று பார்க்க இந்த அளவுகோலே போதும்.

பளு தூக்குவது நமக்குப் புதிதன்று. தமிழகத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஓர் உருண்டைக் கல் கிடக்கும். வாலிபர்கள் அதைத் தூக்கித் தங்கள் வலிமையைக் காட்டுவார்கள். அந்தக் கல்லில் பிடி கிடையாது. ஆகவே குந்தி, இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைமீது ஏற்றி, பிறகு நெஞ்சோடு சேர்த்து எழுந்து, தோளுக்குக் கொண்டு போவார்கள். பாரம் உடலை விட்டு விலகாமல் இருப்பதைக் கவனியுங்கள். நம் முன்னோர் பயன்படுத்திய தண்டாலும் பஸ்கியும் இதே இயல்பைப் பின்பற்றியவைதான்.

போட்டிப் பளு தூக்குதல் வேறு வகை. 1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் டான் ஹாவ் லியாங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் பெண்களுக்கும் இப்போட்டி வந்தது. அதில் இந்தியாவின் கர்ணம் மல்லேஸ்வரி, இரண்டு தூக்கல்களிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். பளு தூக்கினால் பெண்ணுடல் கெட்டுவிடும் என்போருக்கு அவரே பதில்.

இந்தப் போட்டியின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. டான் ஹாவ் லியாங் காலத்தில் மூன்று வகைத் தூக்கல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று 'பிரஸ்'. பாரத்தைத் தோளிலிருந்து கைகளின் பலத்தால் மட்டும் தலைக்குமேல் ஏற்றுவது. நாளடைவில் வீரர்கள் மேலும் மேலும் பாரம் ஏற்றுவதற்காக முதுகைப் பின்னால் வில்லாக வளைக்கத் தொடங்கினார்கள். எது முறையான தூக்கல் என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இடுப்பு முதுகுக்கும் ஆபத்து என்ற கவலை எழுந்தது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தத் தூக்கலை நீக்கிவிட்டார்கள். கையை மேலே நீட்டுவது இயல்பான அசைவுதான். ஆனால் எண்ணிக்கை மோகத்தில் உருவம் குலைந்தபோது அது இயல்பை விட்டு விலகிவிட்டது.

இனி, உடற்பயிற்சி நிலையங்களில் வழக்கமாகச் செய்யும் பயிற்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தோளில் கம்பியை வைத்துக் குந்தி எழும் 'ஸ்குவாட்'. குழந்தை செய்த அதே அசைவு. ஆகவே இது உடலுக்கு மிகவும் பொருந்தும். ஆழமாகக் குந்தினால் முழங்கால் கெடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் கிளைன் என்பவர், ஆழக் குந்துவது முழங்கால் நார்களைத் தளர்த்தும் என்று எழுதினார். அதிலிருந்து பரவிய பயம் இது. பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுப்பதும் சரியன்று. 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தடுத்தபோது முழங்காலின் சுமை சற்றுக் குறைந்தது. ஆனால் இடுப்பின் சுமை பன்மடங்கு கூடியது. நலமான முழங்கால் உள்ளவர் பாதம் முழுவதும் தரையில் படிய, வலியில்லாத அளவு குந்தலாம். ஏற்கெனவே மூட்டு தேய்ந்தவர்கள் நாற்காலி உயரம் வரை உட்கார்ந்து எழுவதே போதும்.

இரண்டாவது, தரையில் கிடக்கும் பாரத்தைத் தூக்கி நிற்கும் 'டெட்லிப்ட்'. வாளி தூக்குவது, அரிசி மூட்டை எடுப்பது, செம்பனைக் குலையைத் தூக்குவது எல்லாம் இந்த வகையே. இதில் ஒரு கணக்கை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பாரத்தை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் குனிந்து தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் முதுகுத் தசை, எலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. தூரம் எட்டு மடங்கு; ஆகவே தசை எட்டு மடங்கு இழுக்க வேண்டும். 20 கிலோ வாளிக்கு 160 கிலோ இழுப்பு! அதே வாளியை உடலோடு ஒட்டி 20 சென்டிமீட்டரில் பிடித்தால் இழுப்பு 80 கிலோவாகப் பாதியாகிறது. வாளி மாறவில்லை, பிடிக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் வட்டுகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையே ஊசி செலுத்தி அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிடக் குனிந்து பாரம் பிடிக்கும்போது அழுத்தம் பெரிதும் உயர்வதைக் கண்டார். ஆகவே முறையாகக் கற்ற டெட்லிப்ட், தோட்டத் தொழிலாளிக்கு மிகப் பயனுள்ள பாடம். முறை தவறினாலோ அதுவே முதல் எதிரி.

மூன்றாவது, பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் 'பெஞ்ச் பிரஸ்'. இளைஞர்களுக்கு மிகவும் பிடித்தது இது. ஆனால் வாழ்க்கையில் மல்லாந்து படுத்துப் பாரம் தள்ளும் வேலை ஏது? சேற்றில் சிக்கிய லோரியைத் தள்ளும்போது பலம் பாதத்தில் பிறந்து, இடுப்பு வழியாக ஏறி, கையில் முடிகிறது. பெஞ்சில் படுத்தால் முதுகைப் பெஞ்சே தாங்கிக்கொள்கிறது. தோள்பட்டை எலும்புகளும் அழுந்தி நின்றுவிடுகின்றன. தண்டால் எடுக்கும்போது அவை தடையின்றி அசையும். வயிறும் இடுப்பும் சேர்ந்து உழைக்கும். ஆகவே இயல்புக்குத் தண்டாலே நெருக்கம். அதற்காகப் பெஞ்ச் பிரஸ் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் கஸ்டின், கால் ஊனத்தை வென்று, 2021-இல் நடந்த தோக்கியோ பாராலிம்பிக்கில் இதே முறையில் 228 கிலோ தள்ளித் தங்கம் வென்றார். 2024-இல் பாரிசிலும் தங்கம் அவருக்கே. காலை ஊன்ற இயலாதவருக்கு இந்தப் பெஞ்சே வெற்றி மேடையாகிறது. ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்கும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். துணைக்கு ஆள் இல்லாமல் கனத்த கம்பியோடு பெஞ்சில் படுக்கக் கூடாது. கை தளர்ந்தால் கம்பி கழுத்தின்மீது விழும்.

நான்காவது, கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இறக்கி ஏற்றும் பயிற்சி. எலுமிச்சம்பழத்தைத் தட்டின் ஓரத்திற்குத் தள்ளுவதைப் போன்றது இது. கழுத்தும் முன்னே வளைகிறது. முகத்துக்கு முன்னால் ஏற்றி இறக்கினாலே அதே தசைகள் வளரும். பின்னால் கொண்டு போக வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை.

ஐந்தாவது, முழங்கையை மட்டும் மடக்கும் பயிற்சியும், உட்கார்ந்து காலை மட்டும் நீட்டும் இயந்திரமும். இவை ஒரு தசையைத் தனியே பிரித்து வளர்க்கின்றன. காயம்பட்ட காலைத் தேற்ற இவை உதவும். ஆனால் தசைகள் ஒன்றோடொன்று கூடி வேலை செய்யும் பழக்கத்தைக் கற்றுத் தரா. கண்ணாடியில் அழகாகத் தெரியும் கை, மூட்டை தூக்கும்போது முதுகைக் காப்பாற்றாது.

ஆறாவது, பலரும் மறந்துவிடும் பயிற்சி: இரு கையிலும் சமமான பாரத்தோடு நிமிர்ந்து நடப்பது. முன்னாளில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தவர்களுக்கு இந்த நடை தெரியும். பிடி, தோள், வயிறு, கால் எல்லாவற்றையும் ஒருசேர உறுதியாக்கும் பயிற்சி இது.

சரி, பகலெல்லாம் தூக்குகிறவருக்குப் பயிற்சி எதற்கு? பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். வேலையும் பயிற்சியும் தசைக்கு ஒன்றல்ல. பயிற்சியில் பாரத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சில முறை தூக்கி ஓய்வெடுக்கிறோம். இரண்டு பக்கமும் சமமாகச் செய்கிறோம். சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. வேலையிலோ 10 கிலோ குலையும் வரும், 25 கிலோ குலையும் வரும். களைத்தாலும் நிறுத்த முடியாது. பால் மரம் சீவுகிறவர் ஒரே பக்கம் திரும்பித் திரும்பிச் சீவுகிறார். உதிரிப் பழம் பொறுக்கும் தாய்மார்கள் மணிக்கணக்கில் குனிகிறார்கள். குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தே கழுத்தை நோகடித்துக்கொள்கிறார்.

ஆகவே தொழிலாளியின் பயிற்சி, வேலையில் கெட்டதைச் சரிசெய்வதாக இருக்க வேண்டும். அண்ணாந்து வேலை செய்பவர் மாலையில் மேலும் தலைக்குமேல் தூக்குவதைக் குறைத்து, மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சியைச் செய்யட்டும். குனிந்து வேலை செய்பவர் இடுப்பை நிமிர்த்தும் பயிற்சியையும் குந்தி எழுவதையும் செய்யட்டும். அன்றைக்கு முதுகு ஓய்ந்து போயிருந்தால் கனத்த டெட்லிப்ட் வேண்டாம். ஓய்வு நாளில் செய்யலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது. அதற்குப் பட்டணம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு வாளிகளில் 5 லிட்டர் வீதம் ஊற்றினால் 10 கிலோ பாரம் தயார். அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் 20 அடி போய் வாருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கை ஊன்றியாவது தண்டால் எடுங்கள். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழுங்கள். எளிதானபின் சற்றே கூட்டுங்கள். பாட்டி தாத்தாக்களுக்கும் இது தேவை. தசை தேய்ந்த முதியவர்தான் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறார்.

சில எச்சரிக்கைகள். மூச்சை அடக்கி முக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். இரத்தக் கொதிப்போ இருதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தசை வலி ஓரிரு நாளில் தீரும். ஆனால் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, கால் மரத்துப் போதல் ஆகியவற்றை எண்ணெய் தேய்த்து மறைக்காதீர்கள். சிறுநீர், மலம் அடங்காமை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தம்பிமார்களே, பக்கத்தில் நிற்பவன் 100 கிலோ தூக்குகிறான் என்பதற்காக நீங்களும் தூக்க வேண்டியதில்லை. போன மாதம் நீங்கள் தூக்கியதே உங்களுக்கு அளவு. பெற்றோர்களே, பிள்ளை இரும்பைத் தூக்குகிறான் என்று கோபிக்காதீர்கள். எப்படித் தூக்குகிறான் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். முதுகு நிமிர்ந்து, பாரம் உடலோடு ஒட்டி, கால் பலத்தால் எழுகிறான் என்றால், அந்தப் பழக்கத்தை நாளைக் காலை வேலைக்காட்டிலும் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள்.