அடுப்படியும் சேற்றுத்தடமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் பிரித்தானியக் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் படித்த காலத்தில் மனையியல் ஒரு பாடமாகவும் விளையாட்டு இன்னொரு பாடமாகவும் இருந்தன. மனையியல் அறையில் சமநிலை உணவுக்குப் படம் கீறி வர்ணம் தீட்டினோம். மைதானத்தில் வலைப்பந்து விளையாடினோம், சாக்கோட்டம் ஓடினோம். இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் தடைதாண்டல் ஓட்டத்தில் வளையத்துக்குள் நுழைந்து, வாங்கின் கீழே தவழ்ந்து, சட்டையெல்லாம் புழுதியாக எழுந்து ஓடினோம். பாடசாலையை விட்டு வந்தபின் எங்களில் பெரும்பாலானோருக்கு மைதானம் முடிந்துபோனது, சமையல் மட்டும் தொடர்ந்தது. இந்த இரண்டையும் மீண்டும் ஒரே நேரசூசியில் போட வேண்டும் என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த விடயம்.

உங்கள் முன் நிற்கும் நாங்கள் ஆறு பேர். மூத்தவருக்கு 58 வயது, இளையவருக்கு 41. ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ இங்கிலாந்தின் ஏதாவதொரு பண்ணை நிலத்தில் நடக்கும் சேற்றுத்தடை ஓட்டத்தில் ஒரு குழுவாகப் பங்குபற்றுகிறோம். "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்காத உறவினர் இல்லை. எங்கள் அறுவரில் நால்வரின் தாய்மாருக்கு நீரிழிவு இருந்தது. ஒருவரின் தாயார் அதனால் ஒரு காலை இழந்து, கடைசி ஏழு ஆண்டுகளையும் சக்கர நாற்காலியில் கழித்தார். எங்கள் பதில் அதுதான்.

தென்னாசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஐரோப்பியரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம் என்று இந்நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் உடற்திணிவுச் சுட்டெண் மற்றவர்களுக்கு 25ஐத் தாண்டும்போது சொல்லும் எச்சரிக்கையை எங்களுக்கு 23இலேயே சொல்லிவிடுகிறார்கள். பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் தசைக் குறைவும் எங்கள் இனத்தவரிடையே சாதாரணம். தசைதான் இரத்தத்திலுள்ள சீனியை உள்வாங்கிச் செலவழிக்கும் முக்கிய இடம். நாற்பதுக்குப் பின் அது மெல்ல மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. தூக்கவும் தொங்கவும் ஏறவும் தவழவும் வைக்கும் ஒரு விளையாட்டு எங்களுக்குப் பொருந்தியது இதனால்தான்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1987இல் வூல்வர்ஹாம்ப்டனுக்கு அருகே ஒரு பண்ணையில் பில்லி வில்சன் என்பவர் கடுங்குளிரில் நடத்தத் தொடங்கிய 'டஃப் கை' ஓட்டத்தைத்தான் இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 'டஃப் மடர்' தொடங்கியது. அதே ஆண்டில் வேர்மொன்ட் மாநிலத்தில் 'ஸ்பார்ட்டன்' ஓட்டமும் தொடங்கியது. ஸ்பார்ட்டனில் 5 கிலோமீற்றருக்கு 20 தடைகள், 10 கிலோமீற்றருக்கு 25, 21 கிலோமீற்றருக்கு 30. நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டுத் தடைதாண்டலைச் சேர்த்திருக்கிறார்கள். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதைப் பார்க்கலாம்.

பெண்களுக்கு இது எளிதில் கிடைத்த இடமில்லை. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். அது பெண்ணுடலுக்கு மீறியது என்று சொல்லி நிறுத்தி, 1960 வரை மறுபடி விடவில்லை. தடையும் நீர்க்குழியும் தாண்டும் ஸ்டீபிள்சேஸ் ஓட்டம் ஆண்களுக்கு 1900 முதல் ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கு அது கிடைத்தது 2008இல், பீஜிங்கில். இந்தத் தாமதத்துக்குச் சொன்ன காரணங்கள் எங்கள் வீடுகளிலும் கேட்டவைதான்: பொம்பிளைப் பிள்ளை பாயக்கூடாது, விழக்கூடாது, வெயிலில் கறுக்கக்கூடாது.

சரி, ஓடுவதற்கு என்ன சாப்பிடுவது? முதலில் எங்களுக்குப் பலரும் சிபார்சு செய்தது டப்பாவில் வரும் புரதத் தூளும் விலை கூடிய சத்துக் கட்டிகளும்தான். கணக்குப் பார்த்தால் வேண்டியதெல்லாம் எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. பிழை அளவில்தான். எங்கள் தட்டில் சோறு மலையாகவும் கறி ஓரமாகவும் இருக்கும். அதை நாங்கள் மாற்றினோம். பாதித் தட்டு மரக்கறியும் கீரையும், கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ கடலையோ, மீதிக் கால் தட்டுத்தான் சோறு. முடிந்தவரை சிவப்பு அரிசி.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குச் சாதாரணமாக நாளுக்கு 45 கிராம் புரதம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்தால் 70 கிராம் அளவில் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பில் 18, நூறு கிராம் மீனில் 20, ஒரு கைப்பிடி அவித்த கடலையில் 8, ஒரு சிறு கிண்ணம் தயிரில் 6. சோற்றில் உள்ளதையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது. டப்பா தேவையில்லை. சிறுநீரகத்தில் குறை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் புரதத்தைக் கூட்டுங்கள்.

எலும்புக்குக் குரக்கன் புட்டு. தானியங்களில் குரக்கனைப் போல் கல்சியம் உள்ளது வேறில்லை, நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். எள்ளுருண்டையும் நெத்தலியும் அதற்குத் துணை. இரும்புச்சத்துக்கு முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும். மேலே தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேராது, ஒரு மணித்தியாலம் பொறுங்கள். ஒடியற்கூழை நினைத்துப் பாருங்கள். மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் ஒரே பானையில். எங்கள் மனையியல் படத்தில் இருந்த எல்லாப் பாகமும் அதற்குள் இருந்தது. ஒன்றை மட்டும் எந்தப் பானையும் தராது. இந்நாட்டுக் குளிரில் எங்கள் நிறத்துக்கு வெயில் போதாது. ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி குளிசை எடுங்கள்.

கத்தரிக்காய் பொரித்த குழம்பை விடச் சொல்லவில்லை. பொரிக்காமல் கனலடுப்பில் வாட்டி எடுத்துப் பாலில் போட்டால் எண்ணெய் கால்வாசியும் வேண்டாம். தேங்காய்ப்பால் முதற்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம். ஒன்றுகூடல் என்றால் றோல்ஸ், கட்லட், வடை மூன்றும் வைக்கும் வழக்கத்தை மட்டும் சங்கம் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம்.

ஓட்டத்தன்று மட்டும் விதி வேறு. நார்ச்சத்தும் எண்ணெயும் அன்று வயிற்றைக் குழப்பும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் வெள்ளை இடியப்பமும் தண்ணீர்ச் சொதியும், ஒரு வாழைப்பழமும் போதும். வழியில் பனங்கட்டித் துண்டும் உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும் எங்கள் பையில் இருக்கும். முடிந்தபின் சோறும் பருப்பும் மீன்குழம்பும்.

பயிற்சிக்கு உடற்பயிற்சி நிலையத்தின் சந்தா கட்டாயமில்லை. தமிழ்க்கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் வைத்து மேடு ஏறினோம். பிள்ளைகளின் பூங்காவில் உள்ள கம்பியில் தொங்கினோம். முதல் நாள் எங்களில் ஒருவராலும் பத்து விநாடி தொங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் முப்பது விநாடி வந்தது. பிடி தளராத கை, பேரப்பிள்ளையைத் தூக்கவும் வழுக்கும் படியில் கைப்பிடியைப் பற்றவும் பிறகும் உதவும்.

சில எச்சரிக்கைகள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதயக்குறை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். சீனி திடீரென இறங்கினால் கொடுக்க இனிப்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பருத்தி உடுப்பு தண்ணீரைப் பிடித்துக் குளிரவைக்கும், அதைத் தவிருங்கள். சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் போகக்கூடாது. கீறல் பட்டால் உடனே கழுவுங்கள். காப்பு, மோதிரம், தாலிக்கொடி எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம் கயிற்றிலோ வலையிலோ மாட்டினால் விரலுக்கே ஆபத்து. "தாலியைக் கழற்றுவதா?" என்று மாமிமார் கேட்பார்கள். அது கழுத்தில் இருப்பதைவிட நீங்கள் முழுதாக வீடு வருவது கணவருக்கு முக்கியம் என்று சொல்லுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய தடைக்கு வருகிறோம். அது சேறும் இல்லை, மதிலும் இல்லை. நேரம். ஆரோக்கியமான வீட்டுச் சமையல் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் அதைச் சமைப்பது யார் என்று கேட்பதில்லை. கீரை ஆய வேண்டும், கடலை ஊறவிட வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், குரக்கன் மா குழைக்க வேண்டும். எங்கள் தாய்மார் இவ்வளவையும் செய்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் சட்டியில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டார்கள். மீன் துண்டு பிள்ளைக்கு, முட்டை அவருக்கு. வீட்டிலே நல்ல சாப்பாடு இருந்தது, ஆனால் சமைத்தவளின் தட்டில் அது இருக்கவில்லை. ஓடுவதற்கு அவளுக்கு ஒரு மணித்தியாலமும் இருக்கவில்லை. அந்தச் சமையலை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் அந்த நோயும் திரும்ப வரும்.

ஆகவே எங்கள் ஆறு வீடுகளிலும் ஓர் ஒழுங்கு வைத்தோம். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் பயிற்சிக்குப் போவோம். அந்த இரண்டு நாளும் அடுப்படி கணவருக்கும் பிள்ளைகளுக்கும். முதல் மாதம் பருப்பு அடிப்பிடித்தது, புட்டு கட்டிபட்டது. நாங்கள் உள்ளே போய்த் திருத்தவில்லை. அதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி! இன்று ஒரு வீட்டில் மகன் வைக்கும் மீன்குழம்பு அம்மா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது. அம்மாவே அதை இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறார்.

டஃப் மடரில் வளைந்து வழுக்கும் ஒரு மதில் உண்டு. ஓடிவந்து பாய்ந்தாலும் உச்சி எட்டாது. மேலே ஏறியவர்கள் படுத்தபடி கையை நீட்டுவார்கள், கீழிருப்பவர்கள் தோளைக் கொடுப்பார்கள். அந்த ஓட்டத்தில் சாதாரணமாகப் பங்குபற்றுவோருக்கு நேரக்கணக்கும் இல்லை, முதலாம் இரண்டாம் இடமும் இல்லை. தனியே ஏற முடியாதவாறுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். குடும்பம் ஒன்றின் உடல்நலமும் அப்படித்தான்.

அக்காமாரே, தங்கைமாரே, ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழிகளே, சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டின் நினைவாக ஒவ்வொரு கிளையும் 5 கிலோமீற்றர் தடைதாண்டல் ஒன்றுக்கு ஆறு பேர் கொண்ட ஒரு குழுவையாவது அனுப்பட்டும். நடந்து முடித்தாலும் சரி, தவழ்ந்து முடித்தாலும் சரி. அன்றைய மத்தியானச் சாப்பாட்டை வீட்டு ஆண்கள் சமைத்துக் கொண்டுவரட்டும். சேறு கழுவிய கையோடு நாங்கள் முதற்பந்தியில் உட்காருவோம். மீன் துண்டும் எங்கள் தட்டில் இருக்கட்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் இடைவேளையில் எங்களிடம் வாருங்கள்.