சட்டி ரோஜா மண்ணுக்கு வரும்போது
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு ரோஜாச் செடியைப் பற்றிப் பேசுகிறேன்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களில் பலர் ஒரு சட்டி ரோஜாவோடுதான் இறங்குவார்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி அது. கொண்டு வந்து டி.வி. பக்கத்தில் வைக்கிறோம். இரண்டு வாரம் அழகாக இருக்கும். பிறகு இலை பழுக்கும், கிளை நோஞ்சானாக நீளும். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். வீட்டுக்குள்ளே அது ஏது?

உடனே, "வெளியே நட்டுடுவோம்" என்று மத்தியான வெயிலில் குழி தோண்டி வைத்துவிடுகிறோம். மூன்றாம் நாள் இலை கருகிப் போகிறது. "டீச்சர், இந்த மண்ணுக்கு ரோஜா வராது" என்கிறார்கள். மண் என்ன பாவம் செய்தது? நிழலில் விட்ட இலை மெல்லிய இலை. வெயிலைத் தாங்க அதற்கு யாரும் பழக்கவில்லை.

பெற்றோர்களே, இது நீங்கள் அறியாததா? செம்பனை நாற்றுப் பண்ணையில் என்ன செய்கிறோம்? முளைவிட்ட விதையைச் சிறிய பையில் வைத்து, மூன்று மாதம் பந்தல் நிழலில் வளர்க்கிறோம். பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறோம். பிறகு பெரிய பை, திறந்த வெளி. ஏறக்குறைய ஒரு வயது ஆன பிறகே கன்று வெளிக்காட்டுக்குப் போகிறது. நம் பால்மரத்தின் கதையும் இதுதான். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவையும் சட்டியிலிருந்து மண்ணுக்கு வந்தவையே.

ரோஜாவுக்கும் அதே வழிதான். முதல் மூன்று நாள், காலை வெயிலில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். பத்து நாளில் செடி பழகிவிடும். ஒன்றரை அடிக் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், அங்கே மேட்டுப் பாத்தி கட்டுங்கள். மக்கிய சாணத்தை மண்ணோடு கலந்து, சாயங்காலத்தில் நடுங்கள். வேர் சட்டிக்குள் சுற்றிக் கிடந்தால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். தண்ணீரைக் காலையில், அடியில் ஊற்றுங்கள். இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சில இலைகள் உதிரலாம். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பொறுத்திருங்கள், துளிர் வரும்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் அடுத்துப் படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் புதுப் பள்ளிக்குப் போகும் பயம் நீங்கவில்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நமக்குத் தெரியும். அங்கே கூட்டம் பெரிது, பாடம் மலாயில். முதல் சோதனையில் மார்க் குறையத்தான் செய்யும். உடனே, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வேலைக்குப் போகட்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இலை உதிர்ந்ததற்குச் செடியையே பிடுங்குகிறோமே, இது நியாயமா?

இந்த விடுமுறையிலேயே பழக்குங்கள். கடைக்கு அனுப்பி மலாயில் பேச விடுங்கள். புதுப் பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். பள்ளி திறந்த பிறகு, "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "இன்னிக்கு எது புரியலே, கண்ணு?" என்று கேளுங்கள். நகத்தால் கீறிப் பார்ப்பது என்றால் அதுதான். புரியாததை எங்களிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். பள்ளி மாறினாலும் அவர்கள் எங்கள் பிள்ளைகளே.

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு வாங்காமல் கை தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் துளிர் விடும் காலம் உண்டு.