சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம்

(கும்மிடிப்பூண்டி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆகாய விமானத்தின் சக்கரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். "சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் நமக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்பதுதான் அச்சிரிப்பின் அர்த்தம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கடைசி வரையில் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் ஆயுத பூஜை வந்தால் என்ன நடக்கிறது? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை முதல் காக்களூர் பட்டறை வரையில் யந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. லாரிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். அதை நசுக்கிவிட்டு வண்டி கிளம்பினால் வருஷம் முழுவதும் விபத்து வராதாம். படிக்காதவன்தான் இப்படிச் செய்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள். 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிரெஞ்சு தேசத்தில் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொள்ளப் போன பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அவர்கள், அதன்மேல் 'ஓம்' எழுதி, தேங்காய் வைத்து, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தார். செய்தவன் கணக்கை நம்பிச் செய்தான். வாங்கினவர் பழத்தை நம்பினார்!

நிற்க, உண்மையிலேயே சக்கரம் கழன்ற ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். 2021-ம் வருஷம் மே 6-ந் தேதி நாகபுரியிலிருந்து ஒரு நோயாளியுடன் பீச்கிராஃப்ட் என்னும் சிறு விமானம் கிளம்பிற்று. தரையை விட்டு எழும்போதே ஒரு சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. உள்ளே ஐந்து உயிர்கள். விமானத்தை மும்பைக்குக் கொண்டு போனார்கள். ஒரு பக்கம் மட்டும் சக்கரமில்லாமல் இறங்கினால் விமானம் கோணிக்கொண்டு புரளும். ஆகவே மற்றச் சக்கரங்களையும் நீட்டாமல் வயிற்றால் இறக்குவது என்று தீர்மானித்தார்கள். பொறி பறந்து தீப்பிடிக்காதிருக்க ஓடுபாதையில் நுரையைப் பரப்பினார்கள். தீயணைப்பு வண்டிகள் தயாராய் நின்றன. ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

"கடவுள் காப்பாற்றினார்" என்பார்கள். காப்பாற்றியது அவர் என்றால் கழற்றியது யார்? 2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, சரியாக ஆயுத பூஜை அன்றே, திருச்சியில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய பெரிய விமானத்தில் ஹைட்ராலிக் கெட்டுவிட்டது. 141 பேருடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டு, பாரம் குறையும்படி எரிபொருளைச் செலவழித்துப் பத்திரமாக இறங்கிற்று. ஓட்டிய இருவரில் ஒருவர் பெண். பூஜை நாளென்று யந்திரம் தாட்சண்யம் பார்க்கவில்லை; பழகிய மூளையும் கையுமே காப்பாற்றின. உழைத்தவருக்குச் சேர வேண்டிய நன்றியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவது எந்த நியாயம்?

சக்கரம் ஏன் கழலுகிறது? சிறு விமானச் சக்கரம் பெரும்பாலும் இரண்டு பாதிகளை போல்ட்டுப் போட்டு முடுக்கியது, நடுவில் பேரிங். கிரீஸ் வற்றி, தண்ணீர் புகுந்து, துரு ஏறினால் பேரிங் சூடேறி இறுகிப் போகும். பிறகு அது சக்கரத்தையே தின்றுவிடும். போல்ட்டைக் குறைவாக முடுக்கினாலும் ஆபத்து. அளவுக்கு மேல் முடுக்கினாலும் ஆபத்து. பழவேற்காடு, எண்ணூர் போன்ற கடற்கரை உப்புக்காற்று துருவை இன்னும் துரிதப்படுத்தும். ரப்பர்க் குழாயோ சும்மா நிறுத்தி வைத்தாலும் வெடித்துப் போகும்.

இதைவிட முக்கியமானது உலோகத்தின் களைப்பு. ஒரு கம்பியை ஒரு தரம் வளைத்தால் ஒடியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறது அல்லவா? விமானம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் காலுக்கு ஓர் அடி. அடி சேரச் சேர மயிரிழை போல் விரிசல் பிறந்து உள்ளே வளருகிறது. இது எப்படித் தெரிந்தது? 1842-ம் வருஷம் மே 8-ந் தேதி பாரிஸ் அருகே மெயூடோனில் ரயில் எஞ்சினின் அச்சு ஒடிந்து, பூட்டிய வண்டிகளுக்குள்ளேயே ஜனங்கள் வெந்து மாண்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் பலி. அன்று உலகமெல்லாம் "விதி" என்று உட்கார்ந்திருந்தால் இன்றும் அச்சு ஒடிந்துகொண்டேதான் இருக்கும். ஜெர்மனியில் வோலர் என்ற எஞ்சினீயர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பாரம் கொடுத்துச் சோதித்துக் காரணத்தைக் கண்டார். காரணம் தெரிந்த இடத்தில் விதிக்கு வேலை இல்லை.

அப்படியானால் பழைய விமானத்தையெல்லாம் உடைத்துப் போடுவதா? வேண்டியதில்லை. செஸ்னா 172 என்ற சிறு விமானம் 1956-ல் விற்பனைக்கு வந்தது. பல பத்தாண்டு வயதானவை இன்றும் பறக்கின்றன. எப்படி? இத்தனை மணிக்கு ஒரு முறை கழற்றிப் பார். விரிசல் தெரியச் சாயம் தடவிப் பார். ஆயுள் முடிந்த சாமானை மாற்று. செய்ததை எழுதிக் கையெழுத்துப் போடு என்பது அங்கே விதி. கையெழுத்துப் போட்டவன் பதில் சொல்லியாக வேண்டும். வயது குற்றமல்ல, தோழர்களே! பார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

இப்போது உங்கள் சங்கதிக்கு வருகிறேன். உங்களில் எத்தனை பேர் கிரேன் சங்கிலியின் கீழே நிற்கிறீர்கள்? எத்தனை பேர் பிரஸ்ஸுக்குள் கையை விடுகிறீர்கள்? அந்தச் சங்கிலியும் களைக்கும். அந்தப் பிரஸ்ஸும் தேயும். விரல் போனால் "உன் தலையெழுத்து" என்கிறார்கள். அடுத்த வருஷம் அதே யந்திரத்துக்குப் பெரிய மாலையாகப் போடுகிறார்கள். பூஜைக்குப் பணம் உண்டு. காப்புத் தகட்டுக்குப் பணம் இல்லை! தலையெழுத்து என்று நீங்கள் நம்புகிற வரையில் யாரும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூடநம்பிக்கையினால் யாருக்கு லாபம் என்பது இப்போது விளங்குகிறதா?

பாரம் தூக்கும் யந்திரம், சங்கிலி, கயிறு இவற்றைத் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் பரிசோதித்து, பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 29-வது பிரிவில் விதித்தது. சட்டத்தின் பெயர் மாறலாம்; சங்கிலியின் குணம் மாறாது.

ஆகையால் வருகிற ஆயுத பூஜையன்று பொரி வாங்கக் கை நீட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "ஐயா! இந்த யந்திரத்தைக் கடைசியாகப் பரிசோதித்தது யார்? தேதி என்ன? கையெழுத்து எங்கே?" தனியாகக் கேட்டால் வேலை போகும் என்று பயமிருந்தால் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழிந்து குழந்தைகளுக்குக் கொடுங்கள். அதற்காகவாவது பயன்படட்டும்.