பழைய லேண்ட்ரோவருக்கு வேறு எஞ்சின்



1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் சேஸி, எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்பு போன்றவற்றை மட்டும் எஃகில் கட்டி, மேல்கூட்டின் பெரும்பகுதிக்கு அலுமினியக் கலவைத் தகட்டை அடித்தார்கள். வயலிலும் சேற்றிலும் வேலை செய்யப் பிறந்த வண்டி அது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. சீரீஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று 1985 வரை வந்த அந்த வண்டிகள் இன்றும் பிழைப்புக்கு ஓடுகின்றன. மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி சுமக்கின்றன. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்பூவுக்கு ஆள் ஏற்றிப் போகின்றன.

இந்த வண்டியைத் திருகு திருகாகக் கழற்றி, துரு நீக்கி, எஞ்சினை மாற்றி, உள்ளே இரைச்சலை அடக்கி மறுபடி சாலைக்குக் கொண்டுவரும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். எல்லாக் கலையையும் போல இதிலும் தேர்ந்த வேலை உண்டு, ஒப்பேற்றும் வேலையும் உண்டு. இரைச்சலை அதன் பிறப்பிடத்தில் தீர்த்தாரா, மேலே எதையாவது போர்த்தி மறைத்தாரா? நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

எஞ்சினில் தொடங்குவோம். சீரீஸ் வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது 2,286 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். பெட்ரோல் என்றால் எரிபொருளைக் குடிக்கும். டீசல் என்றால் அறுபது சொச்சம் குதிரைத்திறன்தான், ஏற்றத்தில் திணறும். 1989இல் டிஸ்கவரி காருக்காக லேண்ட்ரோவர் நிறுவனம் 200டிடிஐ என்ற 2,495 சி.சி. டர்போ டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. திறன் 111 குதிரை. இது பழைய 2,286 சி.சி. எஞ்சினின் வழியில் வந்தது என்பதால் சீரீஸ் கியர்பாக்ஸோடு பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்துகிறது. டிஸ்கவரிகளின் உடல் துருப்பிடித்து உடைப்புக்குப் போனபோது, நல்ல நிலையில் இருந்த எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளில் நடந்த எஞ்சின் மாற்றங்களில் இதற்கு இருந்த மவுசுக்குக் காரணம் இதுதான்.

பொருந்துகிறது என்பதற்காக வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாகத் தொங்கும். சீரீஸ் சேஸியில் இறக்கும்போது இடிக்கும். சேஸியை வெட்டி இடம் பண்ணுகிறவர்கள் உண்டு. அதை நான் மன்னிக்கவே மாட்டேன். லேண்ட்ரோவரின் டிஃபெண்டர் வண்டிக்கான மேனிஃபோல்டைப் போட்டு டர்போவை மேலே தூக்கலாம். டர்போவையே கழற்றிவிட்டு, கிடைக்கிற திறன் போதும் என்று ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இவர்கள் முடிவுதான் அதிகம் பிடிக்கும். அறுபது எழுபது குதிரைக்காகச் செய்த பழைய கியர்பாக்ஸின் பற்கள் அதனால் பிழைத்துக்கொள்ளும். சீரீஸ் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் வந்தது. வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கைத் தொடாமல் விடுவது கலையும் அல்ல, வித்தையும் அல்ல, ஆபத்து.

இனி இரைச்சலுக்கு வருவோம். 200டிடிஐ எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின். அதன் தடதடப்பு பழைய பெட்ரோல் எஞ்சினைவிட அதிகம். ஆக, எஞ்சினை மாற்றியவர் இரைச்சலையும் சேர்த்தே வாங்கி வருகிறார். அனுபவம் இல்லாதவர் உடனே விரிப்பு வாங்க ஓடுவார். கைதேர்ந்தவர் முதலில் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பார்ப்பார், சைலன்சர் எங்காவது சேஸியில் உரசுகிறதா என்று பார்ப்பார், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைக் கையால் அசைத்துப் பார்ப்பார். அதன் பிறகு கியர் விகிதம். சீரீஸ் வண்டியின் டிஃப்ரன்ஷியல் 4.7. அதை 3.54 ஆக மாற்றினால், எஞ்சின் அதே சுழற்சியில் இருக்க, வண்டி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் போகும். எஞ்சின் கத்த வேண்டிய தேவையே குறைந்துவிடும். ஆனால் பாறையில் ஊர்ந்து ஏறும் மெதுவான கியரும் அதே அளவு வேகமாகிவிடும். காட்டுப்பாதையில் வேலை உள்ளவர் ஓவர்டிரைவ் பூட்டிக்கொள்வது மேல். அதைத் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தகடுகளுக்கு வர வேண்டும். கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: டங்ங்ங் என்று நீளும். உள்பக்கம் தின்னர் போட்டுத் துடைத்து, பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்த வேண்டும். ஷீட்டின் மேலுள்ள அலுமினியத் தாளில் புடைத்திருக்கும் கட்டங்கள் தேய்ந்து வழவழப்பாகும் வரை விடக்கூடாது. இப்போது தட்டினால் தொப் என்று நின்றுவிடும். தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. நடுப்பகுதியில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு போதும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டுகிறவர் வண்டிக்குப் பாரத்தைத்தான் கூட்டுகிறார்.

ஆனால் இந்த ஷீட் தகட்டின் அதிர்வை மட்டுமே அடக்கும். காற்று வழியாக வரும் ஒலியைத் தடுக்கக் கனமான விரிப்பு வேண்டும். அதைவிட முக்கியம், ஓட்டைகளை அடைப்பது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், எத்தனை கனமான விரிப்பு போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. பெடல் நுழையும் துளை, கியர் லீவரின் அடிப்பகுதி, ஒயர் போகும் இடம், கதவின் மேல்பாதியில் சரியாக உட்காராத பீடிங் ஆகியவற்றை அடைக்க அதிகச் செலவில்லை. செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, பலர் இதைச் செய்வதே இல்லை.

அழகான தரைவிரிப்பு ஒட்டிய வண்டிகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். சீரீஸ் லேண்ட்ரோவருக்குள் மழைநீர் வரும். எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் வரும். பஞ்சும் கம்பளமும் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். எஃகுத் தடுப்பும் அலுமினியத் தரையும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், எஃகு தன் பங்குக்குத் துருவேறும். வெளியே வண்டி பளபளக்கும், கால் வைக்கும் இடம் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். நீர் குடிக்காத நுரையும், பொத்தான் போட்டுக் கழற்றி வெயிலில் காயவைக்கும் விரிப்பும்தான் இந்த வண்டிக்கு ஏற்றவை.

எல்லாச் சத்தத்தையும் கொல்லவும் கூடாது. இந்த வண்டிகளில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் வழக்கமாக வருவதில்லை. ஓட்டுநரின் காதுதான் மீட்டர். சரிவில் டயர் வழுக்குவதும், எஞ்சின் மூச்சு முட்டுவதும், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் சுருதி மாறுவதும் அவருக்குக் கேட்டாக வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிந்தால் அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு மாற்றிய பிறகும் அது அதே வண்டிதானா? பிரிட்டனில் 2025 வரை இருந்த விதிப்படி, பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. அசல் சேஸிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1 மட்டுமே. அதாவது எஞ்சினை மாற்றினாலும் வண்டி அதே வண்டிதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. விதிவிலக்கும் உண்டு. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் நின்ற வண்டிகளில் ஒன்று, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு லேண்ட்ரோவரின் சாலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தொலைவில் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. அதைச் சீரமைக்கப்போவதாக 2018இல் அறிவித்த நிறுவனம், வெளிறிய பழைய பச்சைப் பெயிண்டைக்கூட அப்படியே காப்பதாகச் சொன்னது. அதில் யாரும் டர்போ டீசல் இறக்க நினைக்கக் கூடாது.

மற்ற ஆயிரக்கணக்கான வண்டிகளில் தாராளமாக மாற்றலாம். ஆனால் கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக் கடையில் போடாமல், சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, ஃபிளைவீலை அவ்வப்போது கையால் சுற்றி, அதன் எண்ணையும் தாள்களையும் சேர்த்துப் பட்டறையிலேயே பாதுகாக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். சேஸியில் ஒரு வெட்டும் இல்லாமல், நாளை வேறொருவர் விரும்பினால் அந்த எஞ்சினையே திரும்ப இறக்கும்படி விட்டுவைக்கிறவர்கள். இந்த வேலையில் நான் முதலிடம் தருவது அவர்களுக்குத்தான்.