தீனி எடுக்காத கோழி



திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள ஓமந்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோழி வளர்க்காத வீடு குறைவு. மல்லாட்டைக் கொல்லைக்கு வேலைக்குப் போகிற அம்மா, விடிந்ததும் கோழிக்கூடையைத் தூக்கிவிட்டு, ஒரு கை நொய்யை வாசலில் இறைத்த பிறகுதான் கிளம்புவார். கோழிகள் ஓடிவந்து கொத்தும். ஒன்று மட்டும் ஓரமாக நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கும். தீனி எடுக்காது. இன்று நாம் சிந்திக்கப்போவது அந்த ஒரு கோழியைப் பற்றித்தான்.

மறையுரையில் கோழிக்கு என்ன இடம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இடத்தைக் கொடுத்தவர் நம் ஆண்டவர். எருசலேம் நகரை நினைத்து மனம் நொந்தபோது, அவர் தம்மைச் சிங்கத்துக்கோ கழுகுக்கோ ஒப்பிடவில்லை. குஞ்சுகளைத் தன் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கிற தாய்க்கோழிக்கு ஒப்பிட்டார். மத்தேயுவும் லூக்காவும் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆண்டவர் கண்ணீர் விட்ட இடமாக நினைவுகூரப்படும் ஒலிவ மலைச் சரிவில் 1955-இல் கட்டிமுடிக்கப்பட்ட சிறிய கோவில் ஒன்று இருக்கிறது. அதன் பீடத்தின் முன்புறத்தில், சிறுசிறு கற்களைப் பதித்து, குஞ்சுகளை அணைத்து நிற்கும் கோழியின் படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் வாசலுக்கு வருவோம். கோழி தீனி எடுக்கவில்லை என்றதும் வீட்டில் மூன்று பேச்சு எழும். "சாவதற்குள் அறுத்துவிடு" என்பார் ஒருவர். "நாளைக்குச் சந்தையில் தள்ளிவிடு" என்பார் இன்னொருவர். "கோழிதானே, போனால் போகட்டும்" என்பார் மூன்றாமவர். மூன்று பேரில் ஒருவரும் அந்தக் கோழியின் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அன்பானவர்களே, கவனிப்பு என்பது பக்கத்தில் போய் உட்காருவதில்தான் தொடங்குகிறது. தீனி எடுக்காத கோழியெல்லாம் நோயாளி இல்லை. அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாளும் மிகக் குறைவாகத்தான் தின்னும். முட்டைச் சூடு ஆறிவிடக்கூடாதே என்று தன் பசியை அடக்கிக்கொள்கிறது. அது தாயின் நோன்பு. அதைத் தொந்தரவு செய்யாமல், பக்கத்தில் தீனியும் தண்ணீரும் வைத்தால் போதும்.

அடை இல்லை என்றால், கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே தீனி சேருகிற பை இருக்கிறது. விடியற்காலையில் அது காலியாக இருக்க வேண்டும். கல்லைப் போல இறுகியிருந்தால் தீனி அடைத்துக்கொண்டிருக்கிறது. இறகை விலக்கிப் பார்த்தால் செல் மொய்த்திருக்கலாம். கொண்டை வெளுத்திருக்கலாம். எச்சத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, மூச்சு வாங்கி, கழுத்து திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1920-களில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் அதற்கு ராணிகேத் நோய் என்றும் பெயர். ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவையே காலி செய்துவிடும். வந்த பிறகு அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. வருமுன் போடும் தடுப்பூசிதான் காப்பு.

கோழியின் உடல் நம் உடலைவிடச் சூடானது. ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் இருப்பது அதற்கு இயல்பு. ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, புரையேறிச் செத்துப்போகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நொய்க்கஞ்சியை ஆறவைத்து, குழைத்துக் கொடுங்கள். காற்றும் நிழலும் உள்ள இடத்தில் தனியாக வையுங்கள். பிறகு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

தனியாக வைக்கச் சொன்னேன். ஒதுக்கி வைப்பது வேறு, ஒதுக்கித் தள்ளுவது வேறு. தனிக்கூடையில் வைத்த கோழிக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் காட்டுகிறவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. மற்ற கோழிகள் கொத்தாமல் அதையும் காக்கிறார், நோய் தொற்றாமல் மற்றவற்றையும் காக்கிறார். காசநோய் வந்தவரையும் தொழுநோய் வந்தவரையும் நம் குடும்பங்கள் எப்படி நடத்தின என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது. பாய் தனியாக இருக்கலாம். பேச்சும் சோறும் நின்றுபோகக் கூடாது.

சந்தையில் தள்ளிவிடலாம் என்று சொன்னவரிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். கோழியை உண்பது தவறு என்று சொல்ல வரவில்லை. நோய் கண்ட கோழியை நோய் இல்லை என்று சொல்லி விற்பது தவறு. அதை வாங்கிப்போகிறவர் யார்? பெரும்பாலும் நம்மைப்போல இன்னொரு ஏழை. முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிற ஒரு தாய். நாம் விற்ற ஒரு கோழியால் அவர் வீட்டுக் கோழிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் சரிந்துபோகலாம். நம் கையில் வந்த இருநூறோ முந்நூறோ அவருடைய கண்ணீர். பாவசங்கீர்த்தனத்தில் இதை நாம் சொல்வதுண்டா? செத்த கோழியை ஏரியில், வாய்க்காலில் வீசுவதும் இதே கணக்குதான். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பது அயலாருக்குச் செய்யும் நீதி.

நம் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை ஊர் ஊராக, பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், இலவசமாக நடத்துகிறது. முகாம் என்று அறிவிப்பு கேட்டால், நலமாக உள்ள கோழிகளைக் கொண்டுபோங்கள். நடக்க முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அதுவும் தவக்காலத் தருமம்தான்.

மூன்றாவது பேச்சு, "கோழிதானே" என்பது. அதற்கு ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தாவது குருவி கொசுறு! விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு. விலை இல்லாததற்கும் மதிப்பு உண்டு என்பது நற்செய்தி.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார், பதவியை விட்ட பிறகு வள்ளலாரின் வடலூரைத் தேடிப்போனார். வள்ளலார் 1867-இல் அங்கே தொடங்கிய தருமசாலையில், பசி என்று வருகிறவருக்கு இன்றும் சோறு ஆக்குகிறார்கள். வாடி நிற்கும் உயிரைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும் என்று இந்த மண் நமக்குப் பல வழிகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அன்பானவர்களே, கோழிக்கு ஒரு குணம் உண்டு. நோயை முடிந்தவரை மறைக்கும். சோர்ந்தது தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தும் அல்லவா? ஆகவே அது தீனியை விட்டு ஒதுங்குவது நம் கண்ணில் படும்போது, உள்ளே நோய் முற்றியிருக்கும். நம் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். "பசிக்கவில்லை" என்று தட்டைத் தள்ளிவைக்கிற மாமியார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிற மகள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிற மகன். நாமோ தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஒரு வேளை உணவை விட்டோம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒருவர் பல வேளை உண்ணாமல் இருப்பதைக் கணக்கில் எடுத்தோமா? பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று எசாயா இறைவாக்கினர் வழியாகக் கடவுள் சொல்லவில்லையா?

இந்த வாரம் ஒரே ஒரு பயிற்சி. தீனி இறைத்ததும் போய்விடாமல், எல்லாம் தின்கின்றனவா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரவில் சோறு போட்டதும் அதேபோல் ஒரு நிமிடம் பாருங்கள். யாராவது உண்ணாமல் இருந்தால், காரணம் கேட்காமல் முதலில் பக்கத்தில் உட்காருங்கள். கோழி பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். நாம் அதன் பக்கத்தில் இருந்தோம் என்பது கடவுளுக்குத் தெரியும்.

மன்றாடுவோம். தாய்க்கோழியைப் போல எங்களை அணைக்கும் ஆண்டவரே, ஓரமாக நிற்கும் சிறிய உயிர்களைக் காணும் கண்ணையும், அவற்றுக்காக நேரம் ஒதுக்கும் மனத்தையும், அயலாரை ஏமாற்றாத நேர்மையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.