எபிசோடு 23: இது யாருதுங்க?

சரவணம்பட்டியில இருந்து பேசறேன். பின்னாடி ஹார்ன் சத்தம் கேட்டா, அது சத்தி ரோடு, கண்டுக்காதீங்க.

போன வருஷம் ப்ராஜெக்ட் விஷயமா ரெண்டு வாரம் லிஸ்பன் போயிருந்தேன். அதுக்காக மூணு மாசம் ஒரு ஆப்ல போர்ச்சுகீஸ் படிச்சேன். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' மாதிரி வாக்கியமெல்லாம் தண்ணிபட்ட பாடு.

மூணாவது நாள் ஒரு காபிக் கடையில என் பேக்பேக்கை நாற்காலியிலயே விட்டுட்டுக் கிளம்பிட்டேன். உள்ள ஆபீஸ் லேப்டாப், பாஸ்போர்ட் ரெண்டும் இருக்கு. கடைக்காரர் வாசல் வரைக்கும் வந்து கேட்டாரு: "எ சூவ?"

'சூவ'ன்னா 'அவளோடது'ன்னு என் மனசுல பதிஞ்சிருந்துச்சு. நம்ம கூட எந்தப் பொண்ணும் வரலையேன்னு, திரும்பிக்கூட பாக்காம 'இல்லை'ன்னு கையாட்டிட்டு நடந்துட்டேன். இருபது அடி போனப்புறம்தான் தோள் லேசா இருக்கறது உறைச்சது. ஓடிப்போய் "மேவ்! மேவ்!"னு கத்தினேன். அவரு சிரிச்சுட்டே பையைக் கொடுத்து, "மீஞ்ஞ"ன்னு திருத்தினாரு.

என்ன தப்பு பண்ணேன்? போர்ச்சுகீஸ்ல 'என்', 'உங்க' எல்லாம் ஆண்பால் பெண்பால்னு மாறும். ஆனா அது பொருளைப் பொறுத்து மாறும், சொந்தக்காரரைப் பொறுத்து இல்லை. பேக்பேக் அவங்களுக்கு 'முஷீல', பெண்பால். அதனால 'மீஞ்ஞ முஷீல'. மொபைல் ஆண்பால், 'மேவ் தெலெமோவெல்'. 'சேவ்', 'சூவ'க்கு 'அவரோடது', 'அவளோடது'ன்னும் அர்த்தம் உண்டு. ஆனா முகத்தைப் பாத்துக் கேட்டா 'உங்களோடது'ன்னுதான் எடுத்துக்கணும்.

இன்னொண்ணு. நான் எல்லாத்தையும் இங்கிலீஷ் வழியா படிச்சேன். அங்க எல்லாருக்கும் ஒரே 'யுவர்'தான். நம்ம ஊர்ல ஃப்ரெண்டுகிட்ட "உன்றதா?", பெரியவங்ககிட்ட "உங்களுதுங்களா?". அங்கயும் அதேதான். ஃப்ரெண்டுன்னா 'எ தேவ்?', தெரியாதவங்கன்னா 'எ சேவ்?'. தமிழ் வழியா யோசிச்சிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

சரி, இந்த வாரத்துக்கு ரெண்டு கேள்வி மட்டும்:

"த கெய்ங் எ?" – இது யாருதுங்க?
"ஓந்த் இஷ்டா அ மீஞ்ஞ ஷாவ்?" – என் சாவி எங்க இருக்கு?

இது போர்ச்சுகல் உச்சரிப்பு. பிரேசில்ல கொஞ்சம் மாறும். 'ஷாவ்' எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம 'சாவி'யே அங்கிருந்து வந்ததுதான். மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாமே போர்ச்சுகீஸ் வார்த்தைங்க. 1554லயே லிஸ்பன்ல தமிழை ரோமன் எழுத்துல அச்சடிச்சிருக்காங்க. நான் இப்ப போர்ச்சுகீஸைத் தமிழ் எழுத்துல எழுதி வெச்சுப் படிக்கறேன். கணக்கு சரியாப்போச்சு!

இன்னைக்கு ராத்திரி வீட்டுல சாவியைத் தேடறப்போ ஒரு தடவை இப்படிக் கேட்டுப் பாருங்க. வீட்டுல முறைச்சா நான் பொறுப்பில்லைங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்!